கல்லின் பின்பக்கம், ஏழாவது வரி

பத்து மணி என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள், பதினொன்று ஆகப்போகிறது, நினைவுக்கல்லைத் திறக்க வரும் கர்னல் வேலூரைத் தாண்டிவிட்டார் என்று மைக்கில் மூன்று தரம் சொல்லியாயிற்று, தாண்டியவர் அப்படியே பெங்களூருக்குப் போய்விட்டாரோ என்னமோ, எனக்கென்ன, இருபத்தைந்து வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பெரிய விஷயமா. நாற்காலிதான் ஒரு காலில் ஆடுகிறது. அசையாமல் உட்கார வேண்டியிருக்கிறது. மேல்கல்லேரியில் இதுவரை பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் பத்தொன்பது பேர், அந்தப் பத்தொன்பது பேரும் கல்லின் முன்பக்கம். முன்பக்கத்துக்கு எதிரே போட்ட நாற்காலிகள் அவர்கள் குடும்பங்களுக்கு, சிவப்புத் துணி போர்த்திய நாற்காலிகள். கல்லுக்குப் பின்னால் எட்டே எட்டு வெறும் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் மூன்றாவதில் நான். பின்பக்கம் எங்கள் பக்கம். 'இவ்வூரில் இருந்து மறைந்தவை' என்று தலைப்பு வெட்டி, நெசவாளர் சங்கம், ரயில் நிறுத்தம், டூரிங் கொட்டகை, மிஷன் மருந்தகம், படிப்பகம், பால் சொசைட்டி, கிளை அஞ்சலகம். செத்துப்போனவர்கள் அந்தப் பக்கம், மூடிப்போனவை இந்தப் பக்கம். எனக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருக்கும் பால் சொசைட்டி செக்ரட்டரி காலையிலேயே சொல்லிவிட்டார், "நாம உசுரோட இருந்தும் கல்லுல ஏறிட்டோம் போஸ்ட்டம்மா." சிரித்தேன். திறப்பதற்கு முன்னால் கல்லை மூடவேண்டும் என்று பச்சைத் துணி வாங்கிவந்தவர்கள் அளவு பார்க்காமல் வாங்கியிருக்கிறார்கள், முன்பக்கத்துக்கே சரியாகப்போய்விட்டது, பின்பக்கம் திறந்தே கிடக்கிறது. எங்களை யார் புதிதாகத் திறக்கப்போகிறார்கள். ஏழாவது வரியை இதோடு எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. கிளை அஞ்சலகம், 1958 கோடு 2001. சொசைட்டிக்கு நிறுவியவர் பெயர் இருக்கிறது, படிப்பகத்துக்கும் இருக்கிறது. என் வரியில் வருஷம் மட்டும்தான். பரவாயில்லை, பெயர் நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. அதை இன்றைக்கு மைக்கில் சொல்கிறேன் என்று ஏகாம்பரம் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சுபேதார் ஏகாம்பரம் மேடையில் இருக்கிறார், இங்கிருந்து அவர் முதுகு தெரிகிறது, கோட்டு போட்டிருக்கிறார், இந்த வெயிலில். எண்பத்தைந்து வயது. முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நாற்பது வருஷமாக அவர்தான் தலைவர், வேறு யாராவது நிற்க நினைத்தால்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் நினைப்பார்கள். அந்த முதுகைப் பார்த்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய வெறுங்கால்தான். எங்கள் ஊரில் பட்டாளத்துச் சாவுத் தந்தி வந்தால் போஸ்ட்டாபீஸிலிருந்து நேரே அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. அப்படி ஒரு வழக்கம், எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. டவுன் ஆபீஸிலிருந்து எனக்குப் போனில் வரும், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார்கள், டீ ஃபார் டெல்லி, ஈ ஃபார் இங்கிலீஷ், 'டீப்லி' என்று முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும், அடுத்தது 'ரிக்ரெட்' என்று என் கை முன்னாடியே எழுதிவிடும். பிறகு நான் ஏகாம்பரத்திடம் சொல்லவேண்டும். அவர் சங்கத்திலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு என் ஆபீஸ் வாசலுக்கு வருவார், ஐந்து பேரும் செருப்பை அங்கே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, வரிசையாக அந்த வீட்டுக்கு நடப்பார்கள். நான் பின்னால் போய்க் கையெழுத்து வாங்கவேண்டும். பட்டாளத்துக்காரன் வெறுங்காலில் நடந்தால் ஊருக்கே புரியும், எந்தத் தெருவில் திரும்புகிறார்கள் என்று மட்டும் பார்ப்பார்கள். ஒருதரம் இந்த ஐவரும் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வேண்டுதல் என்று செருப்பில்லாமல் கோயிலிலிருந்து திரும்பி வர, மேட்டுத்தெருவில் மூன்று வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிட்டது, ஒருத்தி மயங்கியே விழுந்துவிட்டாள். அன்றிலிருந்து சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள், சாமி காரியத்துக்கு வந்தாலும் ஐந்து பேராகச் சேர்ந்து நடக்கக்கூடாது என்று. முன்பக்கத்துப் பத்தொன்பது பேரில் நாலு பேர் என் கையெழுத்தில் செத்தவர்கள். எனக்கு நல்ல கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தக் கையெழுத்தை எனக்கு இப்போது பிடிக்காது, மளிகை லிஸ்ட்டுகூட எழுதுவதில்லை.

நாலாவது ஆள் தாமோதரன். கன்னியம்மாளின் மகன், ஒரே மகன், இருபத்தாறு வயசு, வடக்கே பனிமலையில் ரோந்து போனவன். அவன் அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தில் எல்லாம் கடைசியில் போஸ்ட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று ஒரு வரி இருக்கும், அதை நானே கன்னியம்மாளுக்குப் படித்துக் காட்டுவேன், வெட்கமாக இருக்கும். ஜூன் மாசம், புதன்கிழமை, சாயங்காலம் நாலேகால். எனக்கு நாலேகால் என்பது ஒரு நேரமாக இல்லாமல் போய் ரொம்ப நாளாயிற்று, கடிகாரத்தில் அந்த இடம் வந்தால் அடுப்படிக்கு எழுந்து போய்விடுவேன். போனில் எழுத்து எழுத்தாக வந்துகொண்டிருக்கிறது, வெளியே மேளம். அவன் தங்கை கோமளாவுக்கு மறுநாள் காலை ஏழரைக்கு முகூர்த்தம், மாப்பிள்ளை வீட்டார் பஸ் அப்போதுதான் ஊருக்குள் நுழைகிறது, நாதஸ்வரக்காரன் என் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே நின்று ஊதுகிறான், போனில் டவுன் ஆபீஸ்காரர் கேட்கிறார், "இன்னாம்மா அங்க கல்யாணமா?" ஆமாம் சார் என்றேன். தாமோதரன் பெயரை எழுதிவிட்டு ஆமாம் சார், கல்யாணம்தான் என்று சொன்னேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பின்வழியாக ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். அவர் கல்யாணத்துக்குப் போக வேட்டி மாற்றிக்கொண்டிருந்தார். படித்தார். கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, "தாலி ஏறட்டும் குணவதி. இப்ப சொன்னா மாப்ள வீட்டுக்காரன் வந்த பஸ்ஸுலயே திரும்பிடுவான். நாளைக்குப் பத்து மணிக்கு நடக்கலாம். அதுவரைக்கும் உன் பையிலயே இருக்கட்டும்." அண்ணே, நாலேகால்னு எழுதிட்டேன், கேள்வி வரும் என்றேன். "எவன் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு. நான் பாத்துக்கறேன்." நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். அவர் சொன்னாரா, அல்லது நான் அவர் சொல்லவேண்டும் என்று போய் நின்றேனா. இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மறைக்க வேண்டாம் என்றால் நேரே கல்யாண வீட்டுக்குப் போயிருக்கலாமே, கால் ஏன் பின்வழிக்குத் திரும்பியது. வழக்கம்தான். வழக்கப்படி அவரிடம்தான் போகவேண்டும். இல்லை, எனக்கும் கோமளாவின் கல்யாணம் நடக்கவேண்டும் என்று இருந்தது. இருக்கட்டும், அதில் என்ன தப்பு, ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண்.

தப்பு அதில் இல்லை. தப்பு மறுநாள் காலையில். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன். பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள், மடியில் கைப்பை, பைக்குள் தாமோதரன், இலையில் இட்லி, கேசரி. நான் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன், இறங்கியது. கன்னியம்மாளே வந்து இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள், "நல்லா சாப்டு குணவதி, மிச்சம் வெக்காத" என்றாள், புதுப்புடவை, முகத்தில் மஞ்சள், சிரித்தாள். அந்தக் கேசரியையும் சாப்பிட்டேன். அதை எந்த விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் குற்றம். பத்து மணிக்கு ஐந்து பேர் செருப்பைக் கழற்றினார்கள். வாழைமரம் கட்டிய வாசலுக்குள் வெறுங்காலோடு நுழைந்தார்கள், மேளக்காரன் பாதியில் நிறுத்தினான். தாமோதரனின் அப்பா வீராசாமி கத்திய கத்தல் இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறது. கன்னியம்மாள் கத்தவில்லை, அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டாள், கல்லாகிப்போனாள் என்றார்கள். தாமோதரனின் பெட்டி வர ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் வீராசாமி கேட்டார், தந்தியில் நாலேகால் என்று இருக்கிறதே, கல்யாணத்துக்கு முந்தின நாள் நாலேகாலா, என் மகன் செத்த செய்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுப் பந்தியில் சாப்பிட்டாளா. மனு போட்டார். விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்து என் ஆபீஸ் ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். நான் சொன்னேன், சார், சங்கத் தலைவர் சொன்னார், ஊர் வழக்கம். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், "காலைல பத்து மணிக்குத்தான் எனக்குத் தெரியும் சார்" என்றார். அவ்வளவுதான். பட்டாளத்தில் இருந்தவர், நேராக நின்றுகொண்டு சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, ஆச்சரியமாக இருந்தது, ஒரு மனிதன் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லமுடியுமா என்று. வேலையிலிருந்து நிறுத்தினார்கள், பிறகு நீக்கினார்கள். என் இடத்துக்கு வர ஊரில் யாரும் மனு போடவில்லை, இரண்டு வருஷம் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். தந்தியை ஒளித்தவள் என்று இருந்த பெயர் போஸ்ட்டாபீஸை மூடியவள் என்றும் ஆயிற்று. என் வீட்டுக்காரர் சாகும்வரை ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஏகாம்பரம் சொன்னார் என்றால் எழுதி வாங்கக்கூடாதா நீ. இருபது வருஷம் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினவள், அவரிடம் வாங்கவில்லை.

போன மாசம் ஏகாம்பரம் என் வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. தடி ஊன்றிக்கொண்டு வந்து, நோட்டைப் பிரித்து, போஸ்ட்டாபீஸ் எந்த வருஷம் ஆரம்பித்தது என்று கேட்டார். எதற்கு என்றேன். கல் வைக்கிறோம், மறைந்துபோனதை எல்லாம் பின்னால் போடுகிறோம் என்றார். மறைந்தது இல்லை அண்ணே, மூட வைத்தது என்றேன். அவர் குனிந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "வீராசாமியும் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கும் இன்னா இருக்குது இனிமே. கல்லு தொறக்குற அன்னிக்கு மைக்குலயே சொல்லிடறேன் குணவதி. நான்தான் நிறுத்தி வெக்கச் சொன்னேன்னு. ஊரு முன்னால சொல்லிடறேன்." நான் நம்பினேன். அன்று ராத்திரி தூங்கினேன், ரொம்ப நாளைக்கப்புறம். இன்றைக்குக் காலையில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டியிருக்கிறேன், பார்டர் வைத்தது, இந்த வயசில் எதற்கு என்று தோன்றினாலும் கட்டினேன். இதோ, வண்டி ஹாரன், கர்னல் வந்துவிட்டார், எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், நாற்காலி சாய்கிறது, நானும் எழுந்தேன். துணியை இழுக்கிறார்கள், அந்தப் பக்கம் கைதட்டல், எங்கள் பக்கம் துணியின் முடிச்சு மட்டும் வந்து விழுகிறது. ஒவ்வொரு பெயராகப் படிக்கிறார்கள். தாமோதரன் பெயர் வரும்போது என் வலதுகை விரல்கள் தானாக மடங்கின. ஏகாம்பரம் மைக்கைப் பிடித்துவிட்டார். பெரிய சண்டையில் கப்பலேறிப் போனவர்கள் கதை, ரயில் நின்ற கதை, கொட்டகை எரிந்த கதை, சொல்லுங்கள் அண்ணே, சீக்கிரம் சொல்லுங்கள், எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள், அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட ஒரு மாசமாக யோசித்து வைத்திருக்கிறேன். படிப்பகம் முடிந்தது. சொசைட்டி முடிந்தது. "அப்புறம் நம்மூரு போஸ்ட்டாபீசு. அம்பத்தெட்டுல ஆரம்பிச்சது, ரெண்டாயிரத்து ஒண்ணுல மூடிட்டாங்க." நிறுத்தினார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. "ஜெய்ஹிந்த்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்துவிட்டார். கைதட்டுகிறார்கள். பால் சொசைட்டிகூடத் தட்டுகிறார். நானும் தட்டினேனா, தட்டினேன் போலிருக்கிறது, உள்ளங்கை எரிகிறது. இரண்டாவது தரம். ஒரே மனிதர், ஒரே பொய், இந்தத் தடவை பொய்யைச் சொல்லக்கூட இல்லை, விட்டுவிட்டார், அது இன்னும் சுலபம். நான் என்ன இளிச்சவாயா, புடவை கட்டிக்கொண்டு வந்தேனே. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் எதிரே கன்னியம்மாள் வருகிறாள். கல்லைச் சுற்றிக்கொண்டு, சிவப்புத் துணி நாற்காலிகளை விட்டு, எங்கள் பக்கத்துக்கு. எண்பது வயசு, இடுப்பில் ஒரு கை. கல் மேல் பூப்போட எல்லாரும் முன்பக்கம் போய்விட்டார்கள், இங்கே யாரும் இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷமாக என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "அவரு சொல்லமாட்டாரு குணவதி. நேத்து நான்தான் போயி வேணாம்னேன்." எனக்குப் புரியவில்லை. ஏங்க்கா என்றேன். "அவரு சொன்னா கூடவே என்னையும் சொல்லணும். அன்னிக்கி சாயங்காலமே அவரு எங்கிட்ட வந்துட்டாரு. சமையக்கட்டுக்குப் பின்னால கூப்ட்டு, இந்த மாதிரி ஆயிப்போச்சு, இன்னா பண்றதுன்னு கேட்டாரு. நானும் தாலி ஏறட்டும்னுதான் சொன்னேன். எம்மவன் மேல சத்தியம் வாங்கிக்கினேன், யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. செத்துப்போனவன் மேல."

சாயங்காலமே. அப்படியானால் ராத்திரி முழுக்க. அப்படியானால் மஞ்சள் பூசிக்கொண்டு, புதுப்புடவை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு இலையாக வந்து விசாரித்துக்கொண்டு, என் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டு. பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கரண்டியால் அள்ளி வைத்தாள். நான் அந்தக் கேசரிக்காக இருபத்தைந்து வருஷம் என்னையே தின்றுகொண்டிருந்தேன். அவள் கத்தாமல் உட்கார்ந்தது கல்லானதால் இல்லை, கத்த வேண்டியதை எல்லாம் முதல்நாள் வாயில் முந்தானையை வைத்து அடைத்து முடித்திருந்தாள். ஐயோ, எப்படிப்பட்ட ராத்திரி அது அவளுக்கு, ஒரு நிமிஷம் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உடனே கோபம் வந்தது. சரி, அந்த ராத்திரி உன்னுடையது. அடுத்த இருபத்தைந்து வருஷம்? வீராசாமி மனு எழுதும்போது பக்கத்தில்தானே இருந்தாய். "என் வேலை போச்சேக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "சொன்னா எங்க வீட்டுக்காரரு என்னை வெட்டியிருப்பாரு" என்றாள். "அவரு போனப்புறம்?" என்றேன். அவள் முன்பக்கம் கையைக் காட்டினாள். பூத்தட்டோடு கோமளா. "அவளுக்குத் தெரிஞ்சா அவ கல்யாணத்தையே திரும்பிப் பாப்பா. அண்ணன் செத்தது தெரிஞ்சிக்கினு அம்மா சிரிச்சிக்கினு நின்னான்னு தெரிஞ்சா, அப்புறம் எங்கூடப் பேசுவாளா? எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான். நீ தாங்கிக்கினே குணவதி. நீ கெட்டிக்காரி. இன்னும் கொஞ்ச நாளுதான், நானும் போயிடுவேன்." நீ தாங்கிக்கொண்டாய். யாரைக் கேட்டு என் தோளில் வைத்தீர்கள். ஏகாம்பரமாவது பயந்தார். இவள் கணக்காக, நிதானமாக, என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். துரோகம் என்றால் பின்னாலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன், இது இலைக்கு எதிரே நின்று சாப்பிடு சாப்பிடு என்றது.

கோமளா எங்களைப் பார்த்துவிட்டாள். அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் முகம் மாறியது, தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வேகமாக வருகிறாள், நாற்பத்தேழு வயசு, கண்ணாடி போட்டிருக்கிறாள், நடை மட்டும் தாமோதரன் நடை. கன்னியம்மாளின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன, வேண்டாம் என்று அழுத்தின. கோமளா என் முன்னால் மண்டியிடுகிற மாதிரி குனிந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். "அம்மாவே வந்து பேசிட்டாங்களா? போஸ்ட்டம்மா, நானும் எவ்ளோ நாளா நெனச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கி அண்ணன் பேரு முன்னால சொல்றேன், உங்கமேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நீங்க பண்ணத நாங்க மன்னிச்சிட்டோம்." சுற்றி நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். பால் சொசைட்டி, நல்லது நல்லது என்று தலையாட்டுகிறார். ஏகாம்பரம் மேடையிலிருந்து திரும்பிப் பார்க்கிறார். சரிம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள், ஊருக்கு நல்ல பெயர், கன்னியம்மாளுக்கு மகள், எனக்கு மன்னிப்பு. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது அந்தச் சரிம்மா. என் மணிக்கட்டில் இருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"உன் மன்னிப்பு எனக்கு வேணாம் கோமளா" என்றேன். "ஏன் வேணாங்கிறேன்னு உங்க அம்மாவக் கேளு."

கோமளா என்னை விட்டு அம்மாவைப் பார்த்தாள். கன்னியம்மாள் மகள் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சாயங்காலத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.